படகிலே பிறந்த சமன்பாடு: பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக்

புலம்பெயர்ந்து வந்த முதற் சில மாதங்களில், கட்டிலும் மேசையும் வாங்குவதற்கு முன்னரே, பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டவர்கள் எம்மிற் பலர். அப்பெட்டியின் பின்புறத்திலோ, கூடவரும் சிறு கைந்நூலின் கடைசிப் பக்கத்திலோ சில எண்களும் எழுத்துக்களும் அச்சிடப்பட்டிருக்கும். இத்தனை வாட்ஸ் என்று ஒரு வரி. ஏ, பி, ஏபி, டி எனும் வகுப்புக்களுள் ஒன்றைக் கூறும் இன்னொரு வரி. திரிபு 0.05 சதவீதம் அல்லது அதனிலும் குறைவு என்று மற்றொரு வரி. கடைக்காரர் முதல் வரியை உரக்கச் சொல்லுவார். நாமும் அதனையே கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவோம். மூன்றாவது வரியை வாசிப்பவர் குறைவு. ஆயினும் அந்த மூன்றாவது வரியில் இத்துணைச் சிறிய எண் ஒன்றை அச்சிட முடிகின்றதென்றால் அதற்குக் காரணமானவர் ஹரோல்ட் ஸ்டீவன் பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். எடிசனையும் மார்க்கோனியையும் அறிந்த எம் பிள்ளைகள் இவர் பெயரை அறியமாட்டார்கள். மின்னணுவியல் படித்தவர்களோ இவரை அறியாதிருக்க முடியாது.

பிளாக் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் திகதி மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்ரர் என்னும் ஊரிலே பிறந்தார். அருகிலுள்ள வூஸ்ரர் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் கற்று 1921இற் பட்டம் பெற்றார். அதே ஆண்டிலே நியூயோர்க் நகரில் வெஸ்ரேண் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியற் பிரிவில் வேலைக்கு அமர்ந்தார். இந்தப் பிரிவே 1925இற் பெல் ஆய்வுகூடம் எனப் பெயர் பெற்றது. அவருடைய முதற் சம்பளம் வாரத்துக்கு 32 டொலர்.

வேலையிற் சேர்ந்த சில மாதங்களிலே தம்மோடு சேர்ந்தவர்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்ததையும் தமக்கு மட்டும் கிடைக்காததையும் அறிந்த பிளாக், வேலையை விட்டுவிடத் தீர்மானித்தார். அந்த வார இறுதியில் ஏதோ நினைத்து மனதை மாற்றிக்கொண்டார். விட்டுச் செல்வதற்குப் பதிலாக இந்தத் தொழிலை அடிமுதல் அறிவது என்று முடிவுசெய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்துக்கு வந்து, 1898ஆம் ஆண்டு தொடக்கம் சேர்த்துவைக்கப்பட்டிருந்த பழைய குறிப்புக் கோவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். அவர் பிறந்த ஆண்டும் அதுவே. சம்பள உயர்வு கிடைக்காத ஓர் இளைஞன் விடுமுறை நாளில் வந்து தூசி படிந்த கோவைகளைப் புரட்டியதில் இருந்துதான் இக்கதை தொடங்குகின்றது என்றே நாம் கருதுகின்றோம். படகுக் கதை பிந்தியது.

அந்தக் கோவைகளிலிருந்து அவர் அறிந்துகொண்டது ஒரே பிரச்சினையைத்தான். 1915ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயோர்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. கம்பிவழியே செல்லும்போது மெலிந்துபோகும் குரலை இடையிடையே வெற்றிடக் குழாய்கள் பூட்டிய விரியலாக்கிகள் வலுப்படுத்தின. விரியலாக்கி என்று பாடநூல்கள் கூறுவதையே நாம் பேச்சில் அம்பிளிஃபயர் என்கின்றோம். ஒரு கம்பியில் ஒருவர் மட்டும் பேசும்வரை பெரிய தொல்லையில்லை. ஒரே கம்பியிற் பல உரையாடல்களை வெவ்வேறு அலைவரிசைகளில் ஏற்றி அனுப்ப முயன்றபோதே தொல்லை தொடங்கிற்று. எந்தக் குழாயும் தனக்குள் வந்ததை அப்படியே பெரிதாக்கித் தருவதில்லை. சிறிது வளைத்தும் கோணலாக்கியுமே தரும். இந்தக் கோணலையே திரிபு என்கிறோம். திரிபு மிகுந்தால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சுக்குள் கலந்துவிடும்.

அகதி விண்ணப்பத்துக்காக நிழற்பிரதி எடுத்த அனுபவம் எம்மவருக்கு நிறையவே உண்டு. மூலப்பத்திரத்தின் பிரதி தெளிவாக இருக்கும். பிரதியின் பிரதி சற்று மங்கும். அதன் பிரதிக்குப் பிரதி எடுத்து, பத்தாவது கைக்குப் போகும்போது பிறந்த திகதியையே வாசிக்க முடியாது. கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லும் தொலைபேசிக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நூறு விரியலாக்கிகளைப் பூட்டினால் நடப்பதும் இதுவே. ஒவ்வொன்றின் திரிபும் மற்றதன்மேல் ஏறிவரும். ஆகவே ஒவ்வொரு விரியலாக்கியும் அன்று உலகில் இருந்த எதனையும்விடப் பல மடங்கு தூய்மையாக இருத்தல் வேண்டும் எனப் பிளாக் கணக்கிட்டார். அவருடைய சகாக்கள் சிறந்த குழாய் ஒன்றைச் செய்வதே வழி என்று நம்பி அதிலே முயன்றுகொண்டிருந்தனர். பிளாக்கும் முதலில் அவ்வழியே போய்ப் பார்த்துக் களைத்தார்.

1923ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயோர்க்கில் சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ் ஆற்றிய விரிவுரை ஒன்றைக் கேட்கச் சென்றார். ஜேர்மனியிலிருந்து அகதியாக அமெரிக்காவுக்கு வந்து பெரும் புகழ்பெற்ற மின்னியல் மேதை ஸ்ரைன்மெற்ஸ். சிக்கலான விடயத்தை அதன் வேரிலிருந்து அணுகும் அவருடைய முறை பிளாக்கின் மனதிலே தைத்தது. நள்ளிரவு கடந்து வீடு திரும்பிய அவர் தம் கேள்வியையே மாற்றிப் போட்டார். குழாய் திரிபு செய்யட்டும், அதனை ஏற்றுக்கொள்வோம், வெளியே வரும்போது அத்திரிபைப் பிரித்து நீக்குவது எப்படி என்பதே புதிய கேள்வி. விடையும் உடனே கிடைத்தது. வெளிவருவதை உட்சென்ற அளவுக்குச் சுருக்கி, உட்சென்றதிலிருந்து கழித்தால் மீதியாய் நிற்பது திரிபு மட்டுமே. அந்தத் திரிபை வேறொரு விரியலாக்கியாற் பெருக்கி, வெளிவருவதிலிருந்து கழித்துவிட்டால் தூய ஒலி எஞ்சும். மறுநாளே ஆய்வுகூடத்தில் இதனை அமைத்துக் காட்டினார். இதற்கு முன்னூட்டல் என்று பெயர்.

அது வேலை செய்தது. ஆனால் வேலை வாங்கவும் செய்தது. இரண்டு விரியலாக்கிகளும் மயிரிழை பிசகாது ஒத்திருந்தாலன்றிக் கழித்தல் சரிவராது. குழாய்களின் இழைகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை மணிக்கொருமுறை, இரவும் பகலுமாக, யாரேனும் ஒருவர் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். பாலைநிலத்து நடுவே நிற்கும் தொலைபேசிக் குடிலில் இதனை யார் செய்வது? மேலும் நான்கு ஆண்டுகள் இதற்கு மாற்றுத் தேடுவதிலே கழிந்தன.

படகும் பத்திரிகையும்

1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை. நியூ ஜேர்சியில் வசித்த பிளாக் வழக்கம்போல் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் லக்கவானா படகிலே மன்ஹற்றனுக்கு வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். கையிலே அன்றைய நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இருந்தது. அச்சுப் பிழையால் அதன் ஒரு பக்கத்தில் வெற்றிடம் விழுந்திருந்தது. வெளிவருவதன் ஒரு பங்கை எடுத்து, எதிர்க்குறியோடு, மீண்டும் அதே விரியலாக்கியின் வாயிலுக்கே அனுப்பினால் என்ன என்ற எண்ணம் படகு ஆற்றின் நடுவே போகையிற் பளிச்சிட்டது. வெற்றிடத்தில் ஒரு படமும் சில சமன்பாடுகளும் எழுதினார். இருபது நிமிடங்களின் பின் ஆய்வுகூடத்தில் ஏர்ல் பிளெசிங் என்னும் சகா அதனை வாசித்து விளங்கிச் சாட்சிக் கையொப்பமிட்டார்.

இக்கதையைப் பிளாக் விரிவாக எழுதியது 1977இல், ஐம்பது ஆண்டுகள் கழித்து. ஒரு கண மின்னலாகவே அதனை அவர் நினைவுகூர்ந்தார். மின்னல் வெட்டியது உண்மையாயினும் ஆறு ஆண்டுகளாகக் கருக்கொண்ட மேகம் அது என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இலண்டனிலே போல் வோய்ட் என்னும் ஒலிப் பொறியியலாளர் 1924இலேயே இதனை ஒத்த கருத்தொன்றுக்குக் காப்புரிமை கோரியிருந்தார். ஆனால் அதன் ஆழத்தைக் கணித்து, செய்து, அளந்து, உலகை நம்பவைத்தவர் பிளாக்கே.

மறைப் பின்னூட்டல் எனப்படும் இம்முறையை எளிய கணக்காற் காட்டலாம். உட்சென்றதைப் பத்தாயிரம் மடங்காக்கவல்ல விரியலாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எமக்கு வேண்டியது நூறு மடங்குதான். வெளிவருவதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கை எதிர்க்குறியோடு வாயிலுக்கு அனுப்பினால் மொத்தப் பெருக்கம் நூறளவிற்கு இறங்கிவிடும். நூறு மடங்கு பெருக்கத்தை நாம் இழந்துவிட்டோம். அந்த இழப்புக்கு விலையாகத் திரிபும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைகின்றது. 5 சதவீதமாக இருந்த திரிபு 0.05 சதவீதமாகிவிடும். அதுமட்டுமன்று. குழாய் முதுமையடைந்தாலும் மின்கலம் தளர்ந்தாலும் பெருக்கம் அசையாது நிற்கும். மணிக்கொருமுறை திருகாணியைத் திருப்பும் காவலாளி இனித் தேவையில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி பரிசோதனை நடந்தது. 4 கிலோஹேர்ட்ஸ் முதல் 45 கிலோஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் திரிபு, வலுவளவிற் பார்த்தால், இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

இத்தகைய பெறுபேறு கிடைத்தபின் மாலை மரியாதை நடந்திருக்கும் என்று எண்ணுவோம். நடந்ததோ வேறு. பெருக்கத்தைப் பெறுவதற்கென்றே பெரும்பணம் செலவிட்டு வளர்ந்த ஒரு துறையில், கிடைத்த பெருக்கத்தை வேண்டுமென்றே வீசிவிடுங்கள் என்று ஓர் இளைஞர் கூறுவது விசித்திரமாகப் பட்டது. அதனைவிடப் பெரிய ஐயமும் இருந்தது. கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னாற் கொண்டுசென்றால் காதைக் கிழிக்கும் கூச்சல் எழுவதை நாம் கேட்டிருக்கின்றோம். வெளிவருவது மீண்டும் உட்சென்றால் கூச்சலே மிஞ்சும் என்பது அன்றைய பொறியியலாளர்களின் திடமான நம்பிக்கை. ஆய்வுப் பிரிவின் தலைவராயிருந்த ஹரோல்ட் ஆர்னல்டே இதனை ஏற்கவில்லை. வழமையான விரியலாக்கியைச் செய்யும்படி பிளாக்குக்குப் பணித்தார்.

காப்புரிமை அலுவலகங்களும் நம்பவில்லை. 1928இல் அனுப்பப்பட்ட அமெரிக்க விண்ணப்பம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக இழுபட்டு, 1937ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதியே 2,102,671 என்னும் இலக்கத்தோடு வெளிவந்தது. பிரித்தானியக் காப்புரிமை அலுவலகமோ எரிபொருளின்றி என்றென்றும் ஓடும் இயந்திரம் செய்ததாகக் கூறிக்கொண்டு வருபவர்களின் விண்ணப்பத்தைப் போலவே இதனையும் நடத்தியது. கடைசியில் நியூ ஜேர்சியின் மொறிஸ்ரவுண் நகரத் தொலைபேசிக் கட்டிடத்திலே சுமார் எழுபது பின்னூட்டல் விரியலாக்கிகள் செவ்வனே இயங்கிக்கொண்டிருக்கும் செய்தியையே சான்றாகக் காட்டவேண்டியிருந்தது. விண்ணப்பம் அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கிற் பதிலுக்குக் காத்திருப்பது எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

கூச்சல் எப்போது எழும், எப்போது எழாது என்பதைச் சுவீடனிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஹரி நைக்குவிஸ்ட் 1932இற் கணித முறையில் நிறுவினார். ஹென்றிக் போட் அக்கணிதத்தை வடிவமைப்பாளர்களின் கைக்கருவியாக்கினார். இருவரும் பெல் ஆய்வுகூடத்தவரே. பிளாக்கின் புகழ்பெற்ற கட்டுரை 1934இல் வெளியாயிற்று.

வகுப்பு என்பது புள்ளியன்று

தொலைபேசிக்காகப் பிறந்த இக்கருத்து வீட்டு ஒலிச்சாதனத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதைக் கூறுமுன் வகுப்புக்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏ என்றால் முதற்றரம், பி என்றால் இரண்டாந்தரம், டி என்றால் கடைத்தரம் என்று எம்மிற் பலர் எண்ணுகின்றனர். பாடசாலைப் பரீட்சை கற்பித்த பழக்கம் அது. இங்கே அந்த எழுத்துக்கள் தரத்தைக் கூறுவனவல்ல, இயங்கும் முறையைக் கூறுவன.

மரக்காலையிற் பெருவாள் இழுக்கும் இருவரை நினைத்துக்கொள்வோம். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பி வகுப்பு இத்தகையது. ஒலியலையின் மேற்பாதியை ஓர் உறுப்பும் கீழ்ப்பாதியை இன்னோர் உறுப்பும் இழுக்கும். தன் முறை இல்லாதபோது ஒவ்வொருவரும் இளைப்பாறுவர். ஆகவே செலவு குறைவு. பெற்ற மின்வலுவில் 78.5 சதவீதம்வரை ஒலிபெருக்கிக்குப் போகலாம் என்பது கணக்கு. ஆனால் ஒருவர் விட்டு மற்றவர் பிடிக்கும் அந்தக் கணத்திலே வாள் சற்றுத் தடுக்கும். மெல்லிய பாடலிலேதான் அத்தடுக்கல் காதுக்கு நன்றாகத் தெரியும். ஏ வகுப்பில் எவரும் இளைப்பாறுவதில்லை. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு மின்னோட்டமும் ஓடிக்கொண்டே இருக்கும். தடுக்கல் இல்லை, ஆயின் பாதி மின்வலுவுக்கு மேற் பயன்படாது. மற்றவை வெப்பமாகி வீட்டைச் சூடாக்கும். குளிர்நாட்டில் அதுவும் நன்மைதான் என்பர் சிலர். மின்சாரப் பட்டியல் வரும்வரை அப்படிச் சொல்லலாம். ஏபி வகுப்பு இரண்டுக்கும் நடுவானது. இருவரும் தத்தம் முறை முடிந்த பின்னும் சிறிதுநேரம் பிடியை விடாது வைத்திருப்பர். நெடுங்காலம் வீடுகளுக்கு வந்த சாதனங்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

டி வகுப்பு முற்றிலும் வேறு. அங்கே திரான்சிற்றர்கள் ஆளியைப்போல மிக விரைவாக மூடித்திறக்கும். திறந்திருக்கும் நேரத்தின் அளவே ஒலியின் அளவாக மாறும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பயன்திறனும் இயலும். இலக்கமுறை என்ற சொல்லின் முதலெழுத்தாக அதனைச் சிலர் கருதுவது தவறு. சி எனும் எழுத்து வானொலி அலைபரப்பிகளுக்குப் போய்விட்டதால் அடுத்த எழுத்து இதற்குக் கிடைத்தது, அவ்வளவே. இங்கிலாந்திலே 1964இல் விற்பனைக்கு வந்த இவ்வகைச் சாதனம் ஒன்று பெருமை சேர்க்கவில்லை. இன்றோ கைப்பேசியிலிருந்து மேடை ஒலிபெருக்கிவரை இம்முறையே பரவியுள்ளது.

எந்த வகுப்பாயினும் அதன் கோணலைப் பெரும்பாலும் திருத்துவது பிளாக்கின் பின்னூட்டலே. 1947இல் இங்கிலாந்தின் வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் வில்லியம்சன் என்பவர் வெளியிட்ட விரியலாக்கி வடிவம் இதற்கு நல்ல சாட்சி. 15 வாட்ஸ் வலுவில் திரிபு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. உலகெங்கும் ஆர்வலர்கள் அதனைத் தம் கையாலேயே கட்டிப் பாட்டுக் கேட்டனர். திரிபை அளக்கத் தூய அலை ஒன்று முதலில் வேண்டும். வில்லியம் ஹியூலெற் அத்தகைய அலையைத் தரும் மலிவான கருவியை 1939இல் உருவாக்கியதும் மறைப் பின்னூட்டலின் துணையோடுதான். அளக்கப்படும் பொருளுக்குள்ளும் அளக்கும் கருவிக்குள்ளும் ஒரே மனிதரின் கருத்து!

பின்னூட்டல் எல்லா நோய்க்கும் மருந்தன்று. பி வகுப்பின் தடுக்கற் கணத்தில் விரியலாக்கிக்குப் பெருக்கமே இல்லாது போவதால் திருத்துவதற்கும் அங்கே வலு இராது. 1970களில் அளவுமேசையில் மிகச் சிறிய திரிபெண்ணைக் காட்டிய சில சாதனங்கள் காதுக்கு இனிமையாக இருக்கவில்லை. அளவுகடந்த பின்னூட்டலை மெதுவான சுற்றுக்களில் ஏற்றினால், திடீரென எழும் ஒலிகளை அவை தொடர்ந்து பிடிக்க முடியாது தவறும் என்று பின்லாந்தின் மற்றி ஒற்றாலா எடுத்துக்காட்டினார். 1975இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் வெளியிட்ட 405 என்னும் சாதனத்திலே பீற்றர் வோக்கர் முன்னூட்டலைப் பின்னூட்டலோடு இணைத்துப் புகழ்பெற்றார். மணிக்கொருமுறை திருகாணி திருப்பவேண்டியிருந்த அந்தப் பழைய 1923ஆம் ஆண்டுக் கருத்து, திரான்சிற்றர் யுகத்திலே மீண்டும் உயிர்பெற்று வந்தது.

கடைக்காரர் உரக்கச் சொல்லும் முதல் வரிக்கு வருவோம். வாட்ஸ் எண் தனியே நின்றால் அதற்குப் பொருளில்லை. எத்தனை ஓம் ஒலிபெருக்கிக்கு, எந்த அலைவரிசைக்கு, எவ்வளவு திரிபோடு, தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலுவா என்பனவும் கூடவரவேண்டும். இவற்றைச் சொல்லாது விளம்பரம் செய்யலாகாது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1974இல் விதி செய்தது. அவ்விதி இல்லாத சந்தைகளிலே பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துக்களோடு நூற்றுக்கணக்கான வாட்ஸ் அச்சிடப்பட்ட சிறு பெட்டிகளை 1980களிலும் 1990களிலும் எம்மவர் சுமந்து வந்தனர். அதற்குப் பொது நியமம் எதுவும் இருக்கவில்லை. ஒரு கணம் எழக்கூடியதாகக் கற்பனை செய்த உச்ச எண்ணே அது. உண்மையான வலு அதில் மிகச் சிறு பங்கு. வலு இரட்டித்தால் ஒலி 3 தெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு உரப்பாகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே 50 வாட்ஸ் பெட்டியைவிட 60 வாட்ஸ் பெட்டிக்கு அதிக விலை கொடுப்பவர் எண்ணுக்குத்தான் கொடுக்கின்றார்.

பிளாக் இச்சந்தை இரைச்சல்களுள் அதிகம் புகுந்தவரல்லர். 1953இல் பண்பேற்றக் கோட்பாடு பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1957இல் அமெரிக்க மின்பொறியியலாளர் கழகத்தின் லாம் பொற்பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1963இற் பெல் ஆய்வுகூடத்திலிருந்து ஓய்வுபெற்றபின்னும் வேறு நிறுவனத்திலும் ஆலோசகராகவும் தொழிலைத் தொடர்ந்தார். இதற்கிடையே அவரது பின்னூட்டல் விமானங்களின் கட்டுப்பாட்டுக்கும் கணிப்பொறிகளுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் சென்றுவிட்டது. காலந்தாழ்த்தி, 1981இல், அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் அவையத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நியூ ஜேர்சியின் சமிற் நகரத்தில் 1983ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி அவர் காலமானார். வயது 85. சிறுதட்டு எனப்படும் கொம்பக்ட் டிஸ்க் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதனை ஒலிக்கச்செய்யும் பெட்டிகள் ஒவ்வொன்றினுள்ளும், வெளிவருவதில் ஒரு பங்கு எதிர்க்குறியோடு வாயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.